பக்கத்து மேசைக்காரரும் மனுஷர்தான்

அமெரிக்காவில் 'பப்ளிக் ரேஞ்ச்' எனப்படும் துப்பாக்கி சுடும் தளங்களில் சில டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் போய்ச் சுடலாம். சில இடங்களில் அதுவும் கேட்பதில்லை. வரிசையாக மேசைகள், எதிரே இலக்கு அட்டைகள், அதற்குப் பின்னால் மண்மேடு. பக்கத்து மேசையில் நிற்பவர் யார், எவ்வளவு பழக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் துப்பாக்கி இருக்கிறது, அது மட்டும் தெரியும்!

இங்கே மரியாதை என்பது வெறும் 'ஹலோ, குட்மார்னிங்' சமாச்சாரம் அல்ல. அட்டை மாற்றும் நேரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 'சீஸ் ஃபயர்' என்று குரல் வந்ததும் எல்லோரும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்த நிலையில் மேசை மேல் வைத்து, கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். பிறகுதான் ஆட்கள் இலக்குப் பக்கம் நடப்பார்கள். அவர்கள் திரும்பும் வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது. சரியாக அப்போதுதான் ஒரு புண்ணியவான் ஸ்கோப்பைச் சரி செய்கிறேன் என்று ரைஃபிள் மேல் குனிவார். கேட்டால் "அதுதான் லோடு பண்ணலையே" என்பார். நூறு கஜம் தள்ளி நிற்பவருக்கு அது எப்படி ஐயா தெரியும்? அவருக்குத் தெரிவது தன்னை நோக்கிய குழலும் அதற்குப் பின்னால் ஒரு தலையும்தான்.

எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பது ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளில் முதலாவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பழைய கைகள் இதை ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பதோடு சரி.

இவர்களுடைய இன்னொரு வியாதி, ஏளனம். கொரோனா வந்த 2020-ல் எஃப்.பி.ஐ. வழியாக நடந்த பின்னணிச் சோதனைகள் மட்டும் ஏறக்குறைய 4 கோடி. அந்த ஆண்டு முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் ஏராளம். அப்படி வாங்கியவர் தளத்துக்கு வந்தால் கிடைப்பது என்ன? கையில் மலிவான ஹை-பாயின்ட் இருந்தால் நக்கல். பெண்ணாக இருந்தால் கேட்காமலே மூன்று வாத்தியார்கள். மர ரைஃபிளோடு வரும் வேட்டைக்காரத் தாத்தாவுக்கு, கார்ட்டூன் எல்மர் ஃபட் பெயரில் 'ஃபட்' என்று பட்டம்.

இப்படி அவமானப்பட்டவர் தோட்டா சிக்கிக்கொண்டால் யாரிடமும் கேட்கமாட்டார். தானே திருகிப் பார்ப்பார். திருகும்போது குழல் பக்கவாட்டில் திரும்பும். அந்தப் பக்கம் நிற்பது யார்? கொஞ்ச நேரம் முன்பு சிரித்தவர்தான்!

அடுத்து மஸில் பிரேக். உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் இது, வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். லாபம் சுடுபவரின் தோளுக்கு, செலவு பக்கத்து மேசைக்காரரின் காதுக்கு. துப்பாக்கிச் சத்தமே சாதாரணமாக 140 டெசிபலைத் தாண்டும். கடைசி மேசைக்குப் போய்விடலாம், அல்லது ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது சுடலாம். "காசு கட்டியிருக்கேன், என் இஷ்டம்" என்பதே பதில்.

காசு கட்டியது இவர் மட்டுமா? 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11%, கைத்துப்பாக்கிக்கு 10% கலால் வரி. வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு பொதுத் தளங்கள் கட்டவும் பராமரிக்கவும் செலவாகிறது. தயாரிப்பாளர் கட்டினாலும் கடைசியில் அது வாங்குகிறவர் தலையில்தான் விழும். ஆக, ஹை-பாயின்ட்காரரும் இந்தத் தளத்தின் பங்குதாரர்தான்.

ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் 'சீஸ் ஃபயர்' கூவலாம், முதல் நாள் வந்தவர் உட்பட. ஆனால் புதியவர் ஒருவர் எதையோ பார்த்துப் பயந்து கூவி, அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் கோட்டில் எழும் முனகலைக் கேட்க வேண்டுமே! அடுத்த முறை நிஜமாகவே யாராவது அட்டைப் பக்கம் நடந்து போனால், அவர் வாயைத் திறப்பாரா?