ஏழாவது அடி



குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஆசிரியர் பக்கமா என்று சிலர் நினைக்கக்கூடும். நம் குடும்பங்களில் 'ரேஸ்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. யாராவது ஒரு பெரியப்பாவோ தாத்தாவோ கிண்டிக்குப் போய் வயலை விட்ட கதை பல வீடுகளில் உண்டு. அந்தக் கதைகளில் பணம் வரும், புக்கி வருவான், பாட்டியின் நகை வரும். குதிரைக்குப் பெயர்கூட இருக்காது. இந்த மாதம் அந்தக் குதிரையின் பக்கம் நின்று கொஞ்சம் பேசலாம். கூடவே, ஓட்டம் முடிந்ததும் ஓர் அறையில் உட்கார்ந்து ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரிக்கும் ஸ்டூவர்டுகளைப் பற்றியும்.

மைதானத்தில் அவர்கள் சொல்வதுதான் சட்டம். ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்த படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். யார் யாருடைய வழியை மறித்தார், எந்தக் குதிரை உண்மையாகவே வெல்ல முயலவில்லை, சாட்டை எத்தனை முறை இறங்கியது என்றெல்லாம் கேட்பார்கள். ஜாக்கியின் எடை சரிபார்க்கப்படும். வென்ற குதிரையின் சிறுநீரோ ரத்தமோ சோதனைக்குப் போகும். தவறு தெரிந்தால் அபராதம், சில நாட்களோ சில மாதங்களோ சவாரி செய்யத் தடை, தேவைப்பட்டால் முடிவையே மாற்றி எழுதுவது என எல்லாம் அவர்கள் கையில்.

இந்தப் பதவி குதிரைக்காக உண்டானது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இங்கிலாந்தில் ஜாக்கி கிளப் 1750 வாக்கில் உருவானபோது, அதன் பெரிய மனிதர்களுக்கு இருந்த கவலை தங்கள் பந்தயப் பணம் பற்றியது. 1791 அக்டோபரில் நியூமார்க்கெட்டில் நடந்ததைப் பாருங்கள். வேல்ஸ் இளவரசருக்கு எஸ்கேப் என்றொரு குதிரை. ஓட்டியவர் சாம் சிஃப்னி, அக்காலத்தின் பெரிய ஜாக்கி. வெல்லும் என்று எல்லோரும் நம்பிய ஓட்டத்தில் எஸ்கேப் தோற்றது. மறுநாள் அதைவிட நீண்ட தூரத்தில், அதை நம்புவோர் குறைந்து, வென்றால் கிடைக்கும் பந்தயப் பணம் நன்றாக ஏறியிருந்த நேரத்தில், ஜெயித்தது. ஊரே கொதித்தது. விசாரித்த ஸ்டூவர்டுகளில் ஒருவரான சர் சார்லஸ் பன்பரி, சிஃப்னி தொடர்ந்து உங்கள் குதிரைகளை ஓட்டினால் உங்களுக்கு எதிராக எந்தக் கனவானும் தன் குதிரையை இறக்கமாட்டார் என்று நாளைய மன்னரிடமே சொல்லிவிட்டார். இளவரசர் தம் ஜாக்கியைக் கைவிடவில்லை; நியூமார்க்கெட்டைக் கைவிட்டார். சிஃப்னி ஏமாற்றினார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும், எவ்வளவு பெரிய இடத்துக் குதிரையானாலும் விசாரணைக்கு உட்பட்டது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. அந்தக் குதிரை அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட வைக்கப்பட்டதே, அதன் கால்கள் என்ன ஆயின என்று அன்றைய விசாரணையில் கேட்டவர் யாருமில்லை.

1844 எப்சம் டெர்பியிலும் அதே கதைதான். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான அந்தப் பந்தயத்தில் ரன்னிங் ரெய்ன் என்ற பெயரில் ஓடி முதலில் வந்தது, உண்மையில் நான்கு வயதுக் குதிரை. வழக்கு நீதிமன்றம் போனது. பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும், குதிரையைக் கொண்டுவாருங்கள் என்றபோது குதிரையையே காணோம்! பரிசு இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் போனது. அக்காலத்துப் பந்தய ஊழல்களை எடுத்துப் படித்தால் துப்பறியும் நாவல் தோற்றுப்போகும். அவை எல்லாவற்றிலும் ஏமாற்றப்பட்டவர் பணம் கட்டியவர்தான்.

நம் ஊரிலும் சட்டம் குதிரைப் பந்தயத்தைப் பணத்தின் வழியாகத்தான் பார்த்தது. பந்தயத்தைத் தடைசெய்யத் தமிழ்நாடு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்த வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது வாதம். அந்த வாதம் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு குதிரையும் நிஜமாகவே ஓட்டப்பட்டது என்று உறுதிசெய்ய ஓர் ஆள் வேண்டும். ஆக, ஸ்டூவர்டு இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்புக்கே கால் இல்லை.

பிறகு எப்போதுதான் குதிரை விசாரணைக்குள் வந்தது? மெல்ல மெல்ல வந்தது. தொலைக்காட்சி வந்தபின் வேகமாக வந்தது. 2011 ஏப்ரலில் நடந்த கிராண்ட் நேஷனல் அதில் ஒரு திருப்பம். நான்கு மைலுக்கும் மேல், முப்பது தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம். வெயில் கடுமையாக இருந்த அன்று ஆர்னே, டூனீஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் விழுந்து இறந்தன. அவை கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மற்றக் குதிரைகள் போனதை வீட்டில் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வென்ற பாலாபிரிக்ஸ் ஓட்டம் முடிந்ததும் களைத்துத் தள்ளாடியது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தார்கள். அதை ஓட்டிய ஜேசன் மக்வயருக்கு, சாட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதற்காக ஐந்து நாள் தடை. வெற்றி மட்டும் வெற்றியாகவே நின்றது.

எனக்கு நெருடுவது இந்த இடம்தான். விதியை மீறி அடித்து வாங்கிய வெற்றி என்று ஸ்டூவர்டுகளே சொல்கிறார்கள். பரிசும் கோப்பையும் பெயரும் அப்படியே கிடைக்கின்றன. ஐந்து நாள் வீட்டில் இருப்பது தண்டனையா, அல்லது வெற்றிக்குக் கட்டும் கட்டணமா?

இதைச் சரிசெய்யப் பிரிட்டனின் பந்தய ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் கடும் விதிகளைக் கொண்டுவந்தது. தடையில்லா ஓட்டத்தில் ஏழு சாட்டையடி, தடை தாண்டும் ஓட்டத்தில் எட்டு. தடையில்லா ஓட்டத்தின் கடைசி ஃபர்லாங்கில் ஐந்துக்கு மேல் கூடாது. மீறினால் ஜாக்கியின் பரிசுப் பங்கும் போகும். சில நாட்களிலேயே ஆஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸை சிர்ரஸ் டெஸ் ஏக்ல் என்ற குதிரையில் வென்ற கிறிஸ்டோஃப் சுமில்லோன் ஒரே ஓர் அடி கூடுதலாக அடித்துவிட்டார். அவருக்கு விழுந்த தண்டனை ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல். ஜாக்கிகள் பொங்கி எழுந்தார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் குதிரையின் மேல் குனிந்திருப்பவன், கடைசி ஃபர்லாங் கம்பம் எங்கே வந்தது என்று பார்த்து அதிலிருந்து எண்ணத் தொடங்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கடைசி ஃபர்லாங் கணக்கு விரைவிலேயே கைவிடப்பட்டது.

ஜாக்கியின் இக்கட்டு இதைவிட ஆழமானது. பந்தய விதிப்புத்தகம் அவனிடம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கிடைக்கக்கூடிய மிக நல்ல இடத்தைப் பிடிக்க எல்லா முயற்சியும் செய், செய்யாவிட்டால் தண்டனை. முடிவுக் கோட்டுக்கு முன்பே கையைத் தளர்த்தி இடத்தை இழந்தவர்களுக்குப் பல நாள் தடை கிடைக்கும். பணம் கட்டியவர்களின் வசவு தனி. அதே புத்தகம், இத்தனைக்கு மேல் அடிக்காதே என்றும் சொல்கிறது. முதல் விதி பந்தயம் கட்டியவருக்காக, இரண்டாவது குதிரைக்காக. நூற்றாண்டுகள் இடைவெளியில் பிறந்த இரண்டு விதிகளும் கடைசி இருநூறு மீட்டரில் ஒரே ஆளின் வலது கையில் வந்து மோதுகின்றன. உரிமையாளரும் பயிற்சியாளரும் வெற்றியை எதிர்பார்த்து மேலே நிற்கிறார்கள். தடை விழுவதோ இவன் மேல் மட்டும்.

2020 மெல்பர்ன் கோப்பையில் இது பச்சையாகத் தெரிந்தது. ஆஸ்திரேலிய விதிப்படி கடைசி நூறு மீட்டருக்கு முன் ஐந்து அடிதான். டைகர் மோத் என்ற குதிரையை ஓட்டிய கெரின் மக்எவோய் அதை வெகுவாகத் தாண்டினார். ஐம்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம், பதின்மூன்று பந்தய நாள் தடை. சின்னத் தண்டனை என்று சொல்ல முடியாது. குதிரையின் இரண்டாம் இடம் மட்டும் அசையவில்லை.

எனவே 2023இல் பிரிட்டன் எடுத்த முடிவை நான் வரவேற்கிறேன். தடையில்லா ஓட்டத்தில் ஆறு அடி, தடை ஓட்டத்தில் ஏழு என்று எண்ணிக்கை குறைந்தது. அளவைவிட நான்கோ அதற்கு மேலோ கூடினால் குதிரையே தகுதி இழக்கும். ஆறுக்கு மேல் விழும் ஏழாவது அடி ஜாக்கியின் பாடு; பத்தாவது அடியில் உரிமையாளரின் பரிசும் போகும். பணம் தருபவரே "அடிக்காதே" என்று ஜாக்கியிடம் சொல்லவேண்டிய நிலை வந்திருக்கிறது. படங்களைப் பார்த்து எண்ணி முடிவுசெய்வது தனிக் குழு. சில நாட்கள் கழித்துத்தான் தீர்ப்பு வரும். அதற்குள் பந்தயப் பணம் பட்டுவாடா ஆகிவிடும். பிறகு வரும் தகுதியிழப்பு அதைத் தொடாது. பணம் கட்டியவரைக் காக்கப் பிறந்த பதவி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவரைத் தொடாமலே குதிரைக்காக ஒரு தீர்ப்பு எழுதுகிறது. இதைப் பெரிய மாற்றம் என்றே நினைக்கிறேன்.

சாட்டையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நார்வே 1982லேயே தடையைத் தொடங்கிவிட்டது. அங்கே பந்தயம் நின்றுவிடவில்லை. இப்போதைய சாட்டை நுரை வைத்துத் தைத்தது, ஓசைதான் அதிகம், வலி இல்லை என்பது பந்தயக்காரர்களின் பதில். வலி இல்லாவிட்டால் எண்ணுவது எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எல்லாக் குற்றமும் சாட்டையில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022 செப்டம்பர் 30 அன்று பாரிசை ஒட்டிய சேன்-க்ளூவில், அதே சுமில்லோன் ஓட்டத்தின் நடுவே பக்கத்தில் வந்த ஜாக்கி ராசா ரயனை முழங்கையால் தள்ளினார். ரயன் குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுபது நாள் தடை விதித்தார்கள். ஆனால் தடை உடனே தொடங்குவதில்லை. இரண்டு நாள் கழித்து உலகின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றான ஆர்க்கில் அவரே வாடெனியை ஓட்டி இரண்டாவதாக வந்தார். கடைசியில் உறைக்கும்படி நடந்துகொண்டவர் அவருடைய முதலாளி ஆகா கான், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். தண்டனையை அறிவித்துவிட்டு, பெரிய பந்தயத்தை மட்டும் ஓட்டிவிட்டு வா என்று விடுவது என்ன நியாயமோ!

இதற்கு நேர்மாறானது 2019 கென்டக்கி டெர்பி. மழையில் சேறான தடத்தில் மேக்ஸிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது. வளைவில் அது விலகி ஓடியபோது பின்னால் வந்த குதிரைகளின் கால்கள் பின்னிக்கொள்ள இருந்தன. பத்தொன்பது குதிரைகள் நெருங்கி ஓடும்போது ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்டூவர்டுகள் இருபத்திரண்டு நிமிடம் படத்தைப் பார்த்தார்கள். நாடே காத்திருக்க, வென்ற குதிரையைப் பதினேழாம் இடத்துக்கு இறக்கினார்கள். யாரும் மதிக்காத கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவிப்பு வந்தது. அமெரிக்க ஜனாதிபதி வரைக்கும் திட்டினார்கள். நீதிமன்றமோ தலையிட மறுத்தது. அந்த மூவரின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் குதிரையின் உயிரைப் பெரும்பாலும் காப்பாற்றுவது ஓட்டத்துக்கு முந்தைய வேலை. மெல்பர்ன் கோப்பையில் ஓடியவற்றில் 2013 முதல் 2020 வரை ஆறு குதிரைகள் இறந்தன. கடைசியாக இறந்தது எப்சம் டெர்பி வென்ற ஆன்டனி வான் டைக். அதன்பின் வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்வது கட்டாயமானது. அடுத்த நான்கு கோப்பைகளிலும் உயிரிழப்பு இல்லை. 2024இல் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்கள் ஜான் ப்ரூகல் என்ற குதிரையை ஓடவிட மறுத்தார்கள். பயிற்சியாளர் ஏய்டன் ஓ'பிரையன் தரப்புக்கு அது ஏற்புடையதாகவே இல்லை. மறு ஆண்டு அதே குதிரை எப்சத்தில் கொரோனேஷன் கோப்பையை வென்றது. அப்போ மருத்துவர்கள் சொன்னது தப்பா? அன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. அதனால் இந்த வேலைக்கு நன்றியும் கிடையாது.

ஸ்கேனுக்கு முன்பே தெரிந்துகொள்ளும் ஓர் ஆள் உண்டு. விடியலில் லாயத்தில் குதிரையின் காலைத் தடவிப் பார்க்கும் சைஸ். முழங்காலுக்குக் கீழே சூடு இருக்கிறதா, நேற்று வைத்த தீனியை மிச்சம் வைத்திருக்கிறதா, காலை ஊன்றத் தயங்குகிறதா என்று முதலில் அறிபவர் அவர். ஆனால் ஸ்டூவர்டுகளின் அறையில் நிற்பது ஜாக்கியும் பயிற்சியாளரும்தான்; சைஸைக் கூப்பிட்டுக் கேட்பது அபூர்வம். கேட்டாலும், சம்பளம் தருபவருக்கு எதிராக அவர் எப்படிப் பேசுவார்?

சைஸ்கள் வேலை பார்த்த மைதானங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. கிண்டியில் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. ஊட்டி மைதானத்தையும் அதே ஆண்டு அரசு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் க்ராஞ்சியில் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடியது. நிலம் யாருக்கு என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த லாயங்களில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஓடக் கூடாத குதிரை என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், கேட்டார்களா? பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்