வெண்கலத்தில் எஞ்சிய கெல்ட்டியர் கணக்கு

பண்டைய கெல்ட்டியர் என்றதும் இருவகைச் சித்திரங்களே பலருக்கும் தோன்றுகின்றன. ஒன்று, உரோமானியர் தீட்டிய முரட்டுப் போர்க்குடி. மற்றொன்று, ஸ்டோன்ஹெஞ்சை எழுப்பி விண்ணை அளந்த மாயக் குருமார். இரண்டும் பிழையே. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. கெல்ட்டியரைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ அதற்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பிற்பட்டவை.

அவர்களுக்கு இரவல் பெருமை தேவையில்லை. 1897இல் பிரான்சின் கொலின்யி என்னும் ஊரில் ஒரு வெண்கலப் பலகை சிதைந்த துண்டுகளாகக் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாக மதிப்பிடப்படும் அப்பலகையின் எழுத்து இலத்தீன்; மொழியோ கெல்ட்டியக் குடும்பத்தைச் சேர்ந்த கௌலியம். அது 5 ஆண்டுகளுக்கான நாட்காட்டி: 60 மாதங்கள், அவற்றோடு 2 மிகை மாதங்கள்.

இதன் கணிதத்தைச் சற்றே நோக்குவோம். பிறைமாதம் ஒன்றுக்குச் சராசரியாக 29.53 நாள், 62 மாதங்களுக்கு ஏறத்தாழ 1,831 நாள். ஐந்து சூரிய ஆண்டுகளுக்கோ 1,826 நாள். எஞ்சும் வேறுபாடு ஐந்து நாளுக்கும் குறைவு. இச்சுற்று ஆறுமுறை நிகழ்ந்தபின் ஒரு மாதத்தைத் தவிர்த்தால், 30 ஆண்டுகளில் 371 மாதங்கள். வேறுபாடு ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடும். கெல்ட்டியர் 30 ஆண்டுகளை ஒரு யுகமாகக் கொண்டனர் என்று பிளினி எழுதியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

நம் வேதாங்க சோதிடமும் 5 ஆண்டு யுகத்தில் 62 சந்திர மாதங்களையே கொள்கிறது. உடனே, 'நம்மிடம் கற்றனர்' என முழங்குவோர் உண்டு. ஒரே நிலவையும் ஒரே கதிரவனையும் தலைமுறை தலைமுறையாக எண்ணியவர்கள் ஒரே எண்ணை அடைவதற்குத் தூதுவர் எவரும் வேண்டியதில்லை.

ட்ரூயிட் குருமார் தம் போதனைகளை எழுத்தில் வடிப்பதைத் தகாததாகக் கருதினர் என்றும், மாணவருள் சிலர் 20 ஆண்டுகள் பயின்றனர் என்றும், விண்மீன்களின் இயக்கம் அவர்தம் பாடங்களுள் ஒன்று என்றும் சீசர் குறிப்பிடுகிறார். பின்னர் உரோமப் பேரரசர்கள் அக்குருமரபை ஒடுக்கினர். நூலாக எழுதப்படாத கல்வி, கற்பித்தோரோடு மறைந்தது. வெண்கலத்தில் ஏறிய ஒரு சிறு பகுதியே நமக்கு எட்டியது.

ஆகவே, நூல் இல்லாமையை அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்வது ஆய்வு நெறியாகாது. அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவதும் நெறியன்று. ஏட்டில் ஏறாத வானறிவும் நில அறிவும் உடைய குடிகள் நம் நாட்டிலும் பலர். அவர்களுடைய முதியோர் இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்வது, அறிவியல் வரலாறு பயில்வோரின் முதற்கடமை.