தலைப்புண்ணும் நம் பழிச்சொல்லும்

ஆத்திசூடியில் நீராடலைப் பற்றி ஓரடி உண்டு. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று அதற்கு நாம் பொருள் சொல்லிக் கொடுக்கிறோம். குளிர்ந்த நீரில் குளிப்பதே பொருள் என்று வாதிடுவாரும் உளர். எப்பொருளாயினும் பிள்ளைகள் அதனை மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். நாமும் மதிப்பெண் இட்டு மகிழ்கின்றோம். ஆனால் அவ்வடியை ஒப்புவிக்கும் பிள்ளை, தலையில் சீப்புப் பட்டாலே கண் கலங்குகிறதே, அது ஏன் என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? கேளாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்: "அழுக்குப் பிள்ளை." இந்தச் சொல்லை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதற் குற்றவாளி நானே. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓயாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பேன் பிறர்க்கும் பரவுமே என்று அவளைப் பின்வரிசையில் தனியே அமர்த்தினேன். நல்லது செய்ததாகவே எண்ணினேன். மறுவாரம் அவள் மொட்டைத் தலையுடன் வந்தாள். இரண்டு நாள் வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு மாதம் அவள் வரவில்லை. மீண்டும் வந்தபோது, கணக்கில் முதலாவதாகக் கை உயர்த்தும் அந்தப் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் குனிந்துகொள்ளும் பிள்ளையாகிவிட்டிருந்தாள். மழித்த தலையில் நெற்றி விளிம்பிலும் காதோரத்திலும் சிறுசிறு கொப்புளங்கள் வரிசையாய்த் தெரிந்தன. அவை பேன் கடித்தவை அல்ல, இறுக்கிப் பின்னிய சடை மயிர்க்கால்களை இழுத்து இழுத்து உண்டாக்கியவை என்று தோட்டத்து டிரெசர் சொன்ன பின்னரே அறிந்தேன். அந்தச் சடையை விதித்தது யார்? இரட்டைச் சடை, இறுக்கமாக, ஒரு மயிரும் கலையாமல் என்று எழுதி வைத்த நம் பள்ளி விதிதான்!

தாயைக் குறை கூறுவதற்கு முன் அவளது விடியற்காலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஜோக், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, தென்னமரம் எனத் தோட்டங்கள் நெருங்கிக் கிடந்த இப்பகுதியில், பால்மரம் வெட்டிய தாய்மார் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவைத்து, ஈரத் தலையில் எண்ணெயை அப்பி, மாலைவரை அவிழாத அளவுக்கு இறுக்கிப் பின்னிவிட்டுத்தான் அவள் வாளியைத் தூக்குவாள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடியேறிவிட்டன; தாய் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடுகின்றாள். சடையின் இறுக்கம் மட்டும் மாறவில்லை. ஈரமயிர் எளிதில் நீளும், எளிதில் அறும். ஓயாத இழுப்பால் மயிர்க்கால் நலிந்தால் முதலில் நோவும், பின் புண்ணும், இறுதியில் வழுக்கையும் வரும். இறுக்கிக் கட்டிய கொண்டையால் நெற்றியோர மயிர் உதிர்வதைக் கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு 1907-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் எழுதிவிட்டனர். பனிநாட்டுக்குத் தெரிந்தது நமக்கு இன்னும் எட்டவில்லை.

இனிப் பேனுக்கு வருவோம். பேன் அழுக்கைத் தேடி வருவதன்று. கழுவிய தலையும் கழுவாத தலையும் அதற்கு ஒன்றே. அது பறப்பதில்லை, தாவுவதில்லை; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறுகின்றது. ஒரே பாயில் அக்காளும் தங்கையும் உறங்குவது அன்பின் அடையாளமேயன்றி அழுக்கின் அடையாளம் அன்று. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்து. மருந்தகத்தில் பெர்மெத்ரின் கலந்த மருந்து கிடைக்கின்றது. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஒருமுறை தடவிவிட்டு நிறுத்தாமல் அத்தனை நாள் கழித்து மறுமுறையும் தடவி, வீட்டார் அனைவர் தலையையும் பேன்சீப்பால் வாரிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயை மட்டும் எவரும் தொடவேண்டா! அது தோலை எரிக்கும். அடுப்பருகே போனால் பிள்ளையையே எரிக்கும். "எங்கள் காலத்தில் அதுதானே மருந்து?" என்று பெருமை பேசும் பெரியவர்களிடம் நாம் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லியாக வேண்டும்.

பொடுகும் அவ்வாறே பழி சுமக்கின்றது. மலசீசியா என்னும் நுண்பூஞ்சை நம் எல்லார் தலையிலும் உண்டு. தலைத்தோலின் எண்ணெய்ப்பசையே அதற்கு உணவு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பருவமெய்தும் வேளையில் அப்பசை மிகுகின்றது. பொடுகும் தினவும் தோன்றுகின்றன. அது ஒட்டுவாரொட்டி அன்று. அந்தத் தலையில் மேன்மேலும் எண்ணெயைப் பூசிக் கழுவாமல் ஊறவிடுவது நெருப்புக்கு நெய் வார்ப்பதாகும். எண்ணெய்க் குளியலை நான் பழிக்கவில்லை. தேய்த்த எண்ணெயைச் சீயக்காயோ ஷாம்புவோ கொண்டு நன்றாகப் போக்கிவிட வேண்டும் என்கின்றேன். ஷாம்பு என்னும் சொல்லே அழுத்திப் பிசைதலைக் குறித்த இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பிசைவது விரல்நுனியால்; நகத்தால் பிறாண்டுவது கழுவுதல் ஆகாது. வாரம் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் கழுவி, நுரை தங்காமல் அலசி, உலர்ந்த பின்னரே தளரப் பின்னுதல் வேண்டும். வட்டமாய் மயிர் உதிர்ந்தாலும் சீழ் வைத்தாலும் அது படையாக இருக்கலாம். அதற்கு உள்ளே உட்கொள்ளும் மருந்து தேவை. இஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் அரசாங்கக் கிளினிக் உண்டே!

நீர் எங்கே என்று கேட்பீர்கள். தோட்டத் தொழிலாளர்க்கு இலவசமாகப் போதிய குழாய்நீர் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கின்றது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் நம் வாசலிலேயே உள்ளன. எனினும் 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு அவை மூடப்பட்டபோது கோல சிலாங்கூரும் வறண்ட குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடிக்கவே நீரின்றி வாளியுடன் வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளையிடம் "தலை குளித்தாயா?" என்று மிரட்டுவதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கின்றது?

என் பள்ளி விதியில் அந்த வரியை அடித்துவிட்டு, கூந்தல் கண்ணில் விழாதவாறு தளரக் கட்டியிருந்தால் போதும் என எழுதினேன். ஒழுங்கு கெடும் என்றார் ஆசிரியை ஒருவர். ஓராண்டு ஆயிற்று, காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் குறைந்தனரே தவிர ஒழுங்கு ஒன்றும் கெடவில்லை. தலைமையாசிரிய நண்பர்களே, உங்கள் விதிப்புத்தகத்தில் அவ்வரி இன்னும் இருக்குமாயின், வரும் ஆசிரியர் கூட்டத்தில் அதனை எடுத்து வையுங்கள்.