முதுகுத்தண்டு ஆபரேஷன்: ‘சர்க்கரையைக் குறைச்சுட்டு வாங்க’ என்று டாக்டர் சொல்வது ஏன்?

சாத்தான்குளம் வட்டாரத்தில் பனையேறியும் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தும் உழைத்தவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. வலி காலுக்கு இறங்கி, நடையும் தளர்ந்த பிறகு, மனதைத் தேற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ ஆபரேஷனுக்குக் கிளம்புவார்கள். அங்கே, “முதல்ல சர்க்கரையைக் குறைச்சுட்டு வாங்க” என்று டாக்டர் திருப்பி அனுப்பினால், வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். உண்மையில், அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான்.

சர்க்கரை எகிறியிருந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வேகம் குறையும். காயம் ஆறத் தாமதமாகும். முதுகெலும்புகளை ஸ்க்ரூ, கம்பி வைத்து இணைத்திருந்தால், எலும்பு கூடுவதும் தள்ளிப்போகலாம். அந்த உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் போதாது. மறுபடியும் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரலாம்.

முந்தின நாள் பட்டினி கிடந்து டெஸ்ட்டில் ‘பாஸ்’ ஆகிவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அது நடக்காது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு முன் இதை முடிந்தவரை 8 சதவிகிதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். ரத்தசோகை இருந்தால் இந்த அளவு மாறித் தெரியலாம் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘சீனிதான் ஆகாது, உடன்குடிக் கருப்பட்டி நல்லது’ என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் உண்டு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டிக் காபிக்கும் கட்டுப்பாடு தேவை. சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் நடப்பில் இருக்கிறது. மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள இது உதவும்.

ஆபரேஷனுக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் டாக்டரிடம் காட்டுங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை... திடீரென கால் செயலிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைச் சமாளித்துக்கொண்டே ஆபரேஷன் செய்வார்கள்.

மற்றவர்களுக்கு, தள்ளிப்போன தேதி நஷ்டமல்ல. இரண்டாவது முறை தியேட்டருக்குள் போகாமலிருக்க, முதல் முறைக்கு முன் எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது.