ஆற்றலுக்கு முன் ஆதாரம்

அமெரிக்காவில் 1960-களில் பிறந்து, பத்தாண்டுகள் நிறைவதற்குள் உலகெங்கும் புகழ் பரப்பிய ‘மஸில் கார்’ என்னும் பெருவிசைக் கார்களை இன்றும் பேணி ஓட்டிவரும் அன்பர்கள், அவற்றின் இஞ்சினுக்கு டர்போ பொருத்தி, அதன் சக்தியை ஒன்றரை மடங்காகவும் இரு மடங்காகவும் உயர்த்துவதில் மிகுந்த உற்சாகம் காட்டுகிறார்கள். பழமையைப் போற்றுவோர் இதனை அபசாரம் என்கிறார்கள். வேகத்தை விரும்புவோர் இதைவிட உத்தமமான காரியம் வேறில்லை என்கிறார்கள். இவ்விரு கட்சியாருக்கும் இடையே, காரியம் தகுந்ததே, ஆனால் அதைத் திட்டமிடும் வரிசைதான் பெரும்பாலும் தலைகீழாக அமைந்துவிடுகிறது என்று துணிந்து கூறுவது என் கடமையாகும். எத்தனை குதிரைச் சக்தி வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டு, அச்சக்தியைத் தாங்குவது எது என்று கடைசியில் சிந்திப்பதே இம்முயற்சிகளுக்கு நேரும் கேட்டின் மூலகாரணம்.

இக்கார்களின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் பொருந்தும். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விதித்திருந்த காலத்தில், அந்த விதி வாங்குவோர் விரும்பிக் கேட்டுப் பெறும் உபரி அம்சங்களைக் கட்டுப்படுத்தாது என்னும் நுட்பத்தைக் கண்டுகொண்ட பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், 1964-ம் ஆண்டின் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல வி-8 இஞ்சினை ஏற்றி, ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அன்று தொடங்கிய போட்டி, 1970-ல் ஷெவர்லே நிறுவனத்தின் ஷெவெல் காரில் 454 கன அங்குல இஞ்சின் 450 குதிரைச் சக்தியுடன் வெளிவந்தபோது உச்சத்தைத் தொட்டது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும், 1973-ன் எண்ணெய்த் தட்டுப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தாக்க, 1974-ம் ஆண்டின் ஜி.டி.ஓ. 200 குதிரைச் சக்தியோடு தன் ஆயுளை முடித்துக்கொண்டது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. 1972-க்கு முன் கூறப்பட்ட எண்கள், விசிறியும் சைலன்சரும் பிற உபகரணங்களும் இல்லாமல் இஞ்சினை மட்டும் மேடைமேல் வைத்து அளந்தவை. பின்னர் வந்தவை, காரில் உள்ளவாறே எல்லாவற்றையும் பூட்டி அளந்தவை. ஆகவே, தன் பழைய கார் 300 குதிரைச் சக்தி உடையது என்று விளம்பரத்தை நம்பிக் கணக்கைத் தொடங்குபவர், தொடக்கத்திலேயே தவறான எண்ணைக் கையில் வைத்துக்கொள்கிறார்.

டர்போ இக்கார்களுக்கு அந்நியமானது என்னும் வாதம் சரித்திரத்துக்குப் பொருந்துவதன்று. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே காப்புரிமை பெற்றார். 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், காற்றின் அடர்த்தி குறைந்த பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லிபர்ட்டி விமான இஞ்சினை ஏற்றிச் சென்று, அங்கும் அது தரைமட்டத்துச் சக்தியை இழக்காதிருக்கும்படி டர்போவால் செய்து காட்டினார். இன்று நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் டீசல் லாரிகள் அச்சாதனத்தின் துணையோடுதான் பாரம் இழுக்கின்றன. அமெரிக்கப் பெட்ரோல் கார்களிலோ, ஜி.டி.ஓ. பிறப்பதற்கு முன்பே, 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கார்வேரும் டர்போவுடன் விற்பனைக்கு வந்துவிட்டன.

அந்த ஜெட்ஃபயரின் கதையே இன்று திட்டமிடுவோருக்குச் சிறந்த பாடமாகும். 215 கன அங்குல அலுமினிய இஞ்சினிலிருந்து 215 குதிரைச் சக்தியைப் பெற்றது அக்கார். ஆயினும் சிலிண்டருக்குள் கலவை நசுக்கப்படும் அளவாகிய அழுத்த விகிதம் அதில் 10.25-க்கு 1 என்று உயர்வாகவே இருந்தபடியால், டர்போ செலுத்திய காற்றும் அதனோடு சேர்ந்தபோது சிலிண்டருக்குள் உஷ்ணம் மிகுந்து, எரிபொருள் உரிய கணத்துக்கு முன்பே கட்டுப்பாடின்றி வெடிக்கும் நிலை உண்டாயிற்று. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று கூறும் இவ்வியாதியைத் தணிப்பதற்காக, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, காற்றோடு தெளித்து உட்செலுத்தும்படி பொறியாளர்கள் அமைத்தார்கள். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானே குறையவும் வழி செய்திருந்தார்கள். யந்திரம் குறைவற்றதுதான், ஆனால் உரிமையாளர்கள் அத்தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கார் சோர்ந்து ஓடுகிறதென்று முறையிட்டார்கள். பலருடைய கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்க நேர்ந்தது. 1963-ம் ஆண்டோடு ஜெட்ஃபயர் நின்றுபோயிற்று. மனிதனின் இடைவிடாத கவனத்தை நம்பி நிற்கும் திட்டம் எத்துணை நுட்பமானதாயினும் நிலைக்காது. நாள்தோறும் மறந்தாலும் பிழைத்திருக்கும் அளவுக்கு உறுதியின் மிச்சம் அதனுள் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம். 350 கன அங்குல இஞ்சின் பூட்டிய 1969-ம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் 300 குதிரைச் சக்தி வகையின் அழுத்த விகிதமும் 10.25-தான் என்பது நினைவிருக்கட்டும். கடல் மட்டத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. டர்போவால் அதற்கு மேல் 7 பவுண்டு சேர்த்தால், உட்செல்லும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சக்தியும் அதே அளவு உயரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடேறுகிறது. 30 பாகை வெப்பத்தில் உட்புகுந்த காற்று, அந்த அழுத்தத்தில் சுமார் 80 பாகையாக வெளிவருகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதோடு நாக்கிங்கை வரவழைப்பதும் அதுவே. இதனால்தான் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், 8.5 அல்லது 9 என்ற அளவுக்குத் தாழ்த்தப்பட்ட அழுத்த விகிதமும், அழுத்தம் ஏறும்போது பின்தள்ளப்படும் ஸ்பார்க்கும் இத்திட்டத்தின் அலங்காரங்களாகாமல் அஸ்திவாரங்களாகின்றன. இவற்றுள் ஒன்றேனும் குறைந்தால், அக்காலத்துச் சாதாரண வார்ப்புப் பிஸ்டன் விரைவில் வெடித்துவிடக்கூடும். தட்டி உருவாக்கிய பிஸ்டன்களும், உஷ்ணத்தில் விரிவதற்கு இடம் விட்டுப் பொருத்திய ரிங்குகளும், உறுதியான கனெக்டிங் ராடுகளும், பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் அவசியமாவது இக்காரணத்தால்தான்.

எரிபொருளின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. 500 குதிரைச் சக்தி தரும் டர்போ இஞ்சின் முழு விசையில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் பெட்ரோலைக் கேட்கும். பழைய காரின் சிறிய பம்ப்பும் மெல்லிய குழாயும் இதைக் கொடுக்க இயலாது; கொடுக்க இயலாத அக்கணத்தில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, இஞ்சின் உருகத் தொடங்கும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையான எரிப்புக்குரிய பிரமாணம். டர்போவின் அழுத்தத்தின் கீழோ 12 பங்கு, அதற்கும் குறைவு என்று பெட்ரோலை மிகுத்துக் கொடுத்தல் வேண்டும். கார்புரேட்டரைக் கொண்டு இதைச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து, கணந்தோறும் அளவைத் திருத்தும் மின்னணு இன்ஜெக்ஷன் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றிருப்பது விவேகமாகாது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டுக்குச் சுத்தமான ஆயில் குறையாது செல்வதும், அந்த ஆயில் தடையின்றித் திரும்பி வடிவதும் சிறு விஷயங்கள் போலத் தோன்றினும், அவற்றைப் பொறுத்தே டர்போவின் ஆயுள் அமைகிறது.

இஞ்சின் உறுதியாயிற்று என்று கொள்வோம், கார் உறுதியாயிற்றா? அந்த ஆண்டின் சாதாரணக் கமாரோவுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் என்பது கூடுதல் பணம் கொடுத்துப் பெறவேண்டியதாகவே இருந்தது. பல கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடுதான் சாலைக்கு வந்தன. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்குப் போக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த பௌதிக விதி. அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. டிரம் சூடேறினால் அதன் பிடிப்பு தளர்கிறது. கியர்பாக்ஸும், பின்அச்சும், டயரும் இவ்வாறே தத்தம் எல்லையை உடையவை. சட்டத்தின் கண்காணிப்பை நம்பியிருக்கவும் எங்கும் இயலாது; கலிபோர்னியாவில் 1975-லும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்தே விலக்கு உண்டு. சட்டம் இவ்வாறு பழைய கார்களிடம் தாட்சண்யம் காட்டும் இடத்தில், கட்டுபவருடைய மனச்சாட்சியே பரிசோதகராக நிற்கவேண்டும்; ஏனெனில், அந்தக் கார் ஓடுகிற சாலை பிறருக்கும் உரிய சாலை.

பழமையைப் போற்றுவோரின் கவலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. 1969-ம் ஆண்டின் கமாரோவில், காருடைய தொடர் எண்ணின் ஒரு பகுதி இஞ்சினிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் காரோடு பிறந்த இஞ்சின் இதுவே என்பதற்கு அது சாட்சி. அத்தகைய இஞ்சினைத் துளை பெரிதாக்கி, அழுத்தத்துக்கு உட்படுத்தி, ஒருநாள் உடைத்துவிட்டால், அதை மீண்டும் படைக்க எவராலும் இயலாது. ஆகவே அதைக் கழற்றி, எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, வேறோர் இஞ்சினில் பரீட்சை செய்வதே முறை. 1999 முதல் ஷெவர்லே பிக்கப் வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு இஞ்சின் பழைய இரும்புக் கிடங்குகளில் மலிவாகக் கிடைப்பதும், டர்போவின் அழுத்தத்தை நன்கு தாங்குவதும் அமெரிக்க மெக்கானிக்குகள் அநுபவத்தில் கண்ட உண்மை. உடலை வெட்டாமல், துளைகளைப் பெருக்காமல், வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவாறு செய்த மாற்றம் எதுவும் பாரம்பரியத்துக்குத் துரோகமாகாது.

சக்தியின் எண்ணையே பெரிதெனக் கருதுவோருக்கு ஒரு சொல். 1987-ல் பியூக் கிராண்ட் நேஷனல் என்னும் காரின் 3.8 லிட்டர் வி-6 டர்போ இஞ்சின் 245 குதிரைச் சக்தி தந்தது; அதே ஆண்டின் கார்வெட் காரிலிருந்த பெரிய வி-8 தந்தது 240 மட்டுமே. அந்த வெற்றி டர்போவால் மட்டும் வந்ததன்று. முந்தைய ஆண்டே சேர்க்கப்பட்ட இன்டர்கூலரும், மின்னணு இன்ஜெக்ஷனும், நாக்கிங்கை உணர்ந்து ஸ்பார்க்கைத் திருத்தும் கருவியும் ஒன்றாகச் சேர்ந்து அளித்த பயன் அது. ஜெட்ஃபயர் தோற்ற இடத்தில் கிராண்ட் நேஷனல் வென்றதற்குக் காரணம், மறதியுள்ள மனிதனை அடிப்படையாகக் கொண்டு திட்டம் வகுக்கப்பட்டதேயாகும்.

ஆதலால், இம்முயற்சியில் இறங்க விரும்பும் அன்பர்கள் டர்போவின் விலைப்பட்டியலைச் சிலகாலம் ஒதுக்கி வைப்பார்களாக. தாங்கள் சாலையில் உண்மையாகவே பயன்படுத்தக்கூடிய சக்தி எவ்வளவு என்று முதலில் நிர்ணயித்து, அதைக் காகிதத்தில் எழுதி, அதன் கீழே பிரேக், டயர், பின்அச்சு, கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், பிஸ்டன் என்று வரிசையாக ஒவ்வொன்றும் அதைத் தாங்குமா என்று கணக்கிட்டு, கையிலுள்ள பணத்தை அந்த வரிசையிலேயே செலவிட்டு, எஞ்சியதற்குத் தக்க டர்போவை வாங்குவார்களாக. பணம் போதவில்லையெனில் குறைக்க வேண்டியது குதிரைச் சக்தியையே, பிரேக்கை அன்று.