துளை நடக்குமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ‘ஆர்கானிக்’ என்றால் பூச்சிமருந்து படாத காய்கறி. சில கிலோமீட்டர் தள்ளி, பாப்பனங்கோட்டில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: கரிம மூலக்கூறுகளால் ஆனது. மொழிபெயர்ப்பாளனின் தலைவலி இங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

பாப்பனங்கோட்டில் இருப்பது சிஎஸ்ஐஆரின் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். ஒளிவேதியியலில் பெயர் வாங்கிய இடம். மூலக்கூறுகளைத் தாமாகவே அடுக்கிக்கொள்ள வைக்கும் ஆய்வுக்காக இங்கே பணியாற்றிய ஏ. அஜயகோஷுக்கு 2012இல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

அடுக்கு வரிசைக்கு ஏன் இத்தனை மவுசு? சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக நிற்கின்றன. எலெக்ட்ரான் தங்குதடையின்றி ஓடிவிடும். கரிமப் படலத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித் தீவு. மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியாக வேண்டும். வழியெல்லாம் பள்ளங்கள். அழுக்கும் ஈரமும் ஆக்சிஜனும் தோண்டி வைத்தவை. சூடேறினால் சிலிக்கானில் வேகம் குறையும். இங்கே பெரும்பாலும் கூடும், தாவுவதற்கு வெப்பம் கைகொடுப்பதால். எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடமும் நேர் மின்னூட்டமாக நகரும். பாடநூல்கள் அதைத் ‘துளை’ என்கின்றன. துளை நடக்குமா என்று கேட்கக்கூடாது.

இந்த ஓட்டத்தை அளக்க ஒரு வழி உண்டு. படலத்தின் ஒரு பக்கம் கண நேர லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அங்கே பிறக்கும் மின்னூட்டம் மறுபக்கம் வந்துசேரும் நேரத்தைக் குறிக்கிறார்கள். சீரான படலமென்றால் கூட்டமாக வந்துசேரும். பள்ளங்கள் அதிகமென்றால் சில முந்தும், பல இழுத்துக்கொண்டு வரும்.

வீண் வேலையா? 1987இல் கோடாக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய கரிமப் படலங்களை ஒளிரவைத்துக் காட்டினார்கள். இன்று பலரது செல்போன் திரை அந்த வம்சம்தான்.

பாப்பனங்கோட்டின் அக்கறை அறைக்குள் இருக்கும் விளக்கொளி. சாயம் ஏற்றிய மின்கலங்களைக் கொண்டு அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் சிறு உணர்கருவிகளுக்கும் போதும். பட்டன் செல் வாங்கி, தீர்ந்ததும் குப்பையில் போடுவது மிச்சமாகும். வெயிலில் நூற்றில் சில மின்னூட்டங்கள் வீணானால் யாரும் கவனிக்கப் போவதில்லை. மங்கிய ஒளியில் பிறப்பதே கொஞ்சம். சாயத்திலிருந்து கிளம்பிய எலெக்ட்ரான் வெளிச்சுற்றுக்குப் போகாமல் பாதியில் திரும்பிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அந்தத் திரும்பும் பாதையை அடைப்பதில்தான் ஆய்வாளர்களின் பெரும்பாடு.