டெர்பியில் யார் மேலே?

பிப்ரவரி ஞாயிறு, மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி. 'சார், டிப்ஸ்?' என்று ஆபீஸே என்னைச் சுற்றி வளைக்கிறது.

தூரம் 2,400 மீட்டர், நாலு வயசுக் குதிரைகள். 1,200-ல் பறந்த சூரப்புலிகளை நம்பாதீங்க. கடைசித் திருப்பத்தில் நாக்குத் தள்ளிவிடும். 2,000 ஓடியும் மூச்சு மிச்சம் வைத்திருந்த குதிரை எது? அதற்குத்தான் என் ஓட்டு. பெண் குதிரை இருந்தால் பிளேஸுக்காவது கட்டுங்க. சுமக்கிற எடை குறைவு. 1943-ல் முதல் டெர்பியை அடித்ததே பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண்தான்! ஓடுவதற்கு முன்பே வியர்த்துக் கொட்டுகிறதா? பர்ஸை மூடுங்க.

'குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே 1996-ல் சொல்லியிருக்கே, வீட்டு வாடகையைப் போடட்டுமா?' என்கிறார் கேஷியர்.

திறமை குதிரைக்கு ஓய்! வாடகையைக் கட்டிட்டு வாரும், மீதியைப் பேசுவோம்.